சரி என்று கையெழுத்திடுபவர்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில், கல்வி வழிகாட்டல் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதச் சந்திப்பில் விமானத் துறைப் படிப்புகளைப் பற்றிப் பேசினோம். பேச்சுவாக்கில், அமெரிக்காவில் 12 வயதுப் பிள்ளைகளைக்கூடச் சிறு விமானத்தில் கட்டணம் இல்லாமல் ஏற்றிச் செல்லும் ஒரு தொண்டு அமைப்பு இருப்பதைச் சொன்னோம். பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. கூட்டம் கலைகிற நேரத்தில், பின்வரிசையில் அமர்ந்திருந்த வயதான உம்மா ஒருவர் எங்களை நிறுத்தினார். "அதெல்லாம் நல்லதுதான் தம்பி. சம்பளம் வாங்காம ஓட்டுறாருன்னு சொல்றீங்க. அவரு ஒழுங்கா ஓட்டுவாரான்னு யாரு பாத்தா?" என்று கேட்டார்.

எங்களிடம் அப்போது பதில் இல்லை. "அரசாங்க லைசென்ஸ் இருக்கும்மா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்தப் பதில் போதவில்லை என்று. வீட்டுக்குப் போன பிறகு எங்களுக்கும் போதவில்லை. ஆகவே இந்த ஒரு மாதம் அதைத் தேடிப் படித்தோம். இன்றைய பேச்சு அந்த உம்மாவுக்கான பதில்தான்.

அந்த அமைப்பு எது?

அதன் பெயர் சிவில் ஏர் பேட்ரோல். 1941 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆறாவது நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு, அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. சொந்த விமானம் வைத்திருந்த சாதாரணக் குடிமக்கள் கடற்கரையை ஒட்டிப் பறந்து, எதிரி நீர்மூழ்கிக் கப்பல்கள் தென்படுகின்றனவா என்று காவல் பார்த்தார்கள். போர் முடிந்த பிறகு, 1946-இல் இது இலாப நோக்கற்ற அமைப்பாகச் சட்டப்படி பதிவானது. 1948-இல் அமெரிக்க விமானப்படையின் அதிகாரபூர்வத் துணை அமைப்பானது. அதன் தலைமையகம் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி நகரில் உள்ள மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் இருக்கிறது.

இன்று அதற்கு மூன்று பணிகள். காணாமற்போன விமானங்களையும் மனிதர்களையும் தேடுவது, பேரிடர் நேரத்தில் உதவுவது ஆகியவை முதல் பணி. விமான, விண்வெளி அறிவை மக்களுக்குக் கற்றுத் தருவது இரண்டாவது. கேடட் எனப்படும் இளையோரைப் பயிற்றுவிப்பது மூன்றாவது. நம் நாட்டு என்.சி.சி. விமானப் பிரிவை நினைத்துக்கொண்டால் கேடட் பணி எளிதில் விளங்கும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. என்.சி.சி.யில் பறக்கக் கற்றுத்தருபவர்கள் விமானப்படை அதிகாரிகள். அங்கே கற்றுத்தருபவர் வார நாட்களில் கடை நடத்துபவராகவோ, ஆசிரியராகவோ, ஓய்வுபெற்ற பொறியாளராகவோ இருக்கலாம். சனி, ஞாயிறுகளில் சீருடை அணிந்து வருகிறார். அந்தச் சீருடையையும் தம் பணத்தில்தான் வாங்குகிறார். ஆண்டுச் சந்தாவும் கட்டுகிறார்.

இந்த அமைப்பிடம் 500-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் உள்ளன. பெரும்பாலானவை செஸ்னா 172, செஸ்னா 182 வகை. ஒரே என்ஜின், நான்கு இருக்கை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் சாதாரண விமானங்கள் எல்லாம் தரையில் நிறுத்தப்பட்டிருந்தபோது, மறுநாள் நியூயார்க்கில் இடிந்த கட்டடங்களுக்கு மேலே பறந்து படம் எடுத்தது இந்தத் தொண்டர்களின் ஒரு செஸ்னாதான். ஆக, இது பொழுதுபோக்குச் சங்கம் அன்று. தவறினால் உயிர் போகும் வேலை. அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள்.

லைசென்ஸ் மட்டும் போதாது

நாங்கள் சொன்ன "அரசாங்க லைசென்ஸ்" என்ற பதிலில் உள்ள குறை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். பெற்ற பிறகு, 24 மாதத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்றுநருடன் பறந்து காட்ட வேண்டும் என்கிறது நாட்டின் சட்டம். இடையில் ஒருவரின் கை துருப்பிடித்திருக்கலாம், பார்வை மங்கியிருக்கலாம், கெட்ட பழக்கங்கள் ஒட்டியிருக்கலாம். உரிமம் பையில் அப்படியே இருக்கும்.

சிவில் ஏர் பேட்ரோல் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அதன் விமானத்தை ஓட்டும் ஒவ்வொரு விமானியும் ஆண்டுக்கு ஒருமுறை, அமைப்பு நியமித்த ஒருவருக்கு முன்னால் வாய்மொழித் தேர்வும் பறத்தல் தேர்வும் கொடுக்க வேண்டும். தேடுதல் பணிக்குப் போகிறவருக்கு அதற்கென்று தனித் தேர்வு வேறு உண்டு. அவர் தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், மெதுவாக, ஓரிடத்தையே சுற்றிச் சுற்றிப் பறக்க வேண்டியிருக்கும். கீழே எதையோ கண்டு, "அது என்ன?" என்று உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பும்போது வேகம் குறைந்தால், இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்துவிடும். அந்த உயரத்தில் மீண்டெழ இடம் போதாமல் போகலாம். தேடப் போனவரையே தேட வேண்டிய நிலை வரும்.

இன்னும் ஒரு விதி எங்களை மிகவும் கவர்ந்தது. விமானி எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் தனக்குத்தானே புறப்படும் அனுமதி கொடுத்துக்கொள்ள முடியாது. தரையில் இருக்கும் வேறொரு பொறுப்பாளரிடம், எங்கே போகிறார், யார் உடன் வருகிறார்கள், வானிலை எப்படி, எரிபொருள் எவ்வளவு என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். எரிபொருளிலும் அப்படியே. பகலில் போய்ச் சேர்ந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மீதம் இருந்தால் நாட்டின் சட்டத்துக்குப் போதும். இவர்கள் தரையிறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மீதம் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பயிற்றுநர் ஆவது எப்படி?

இப்போது ஆசான் இருக்கைக்கு வருவோம். சிவில் ஏர் பேட்ரோலில் பயிற்றுநர் ஆக விரும்புபவர் முதலில் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பயிற்றுநர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 18 வயது. வணிக விமானி உரிமம் வேண்டும். அதை அடையவே வழக்கமான வழியில் 250 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வுகள், பறத்தல் தேர்வு.

அந்த எழுத்துத் தேர்வுகளில் ஒன்று விமானத்தைப் பற்றியதே அன்று. கற்பித்தலைப் பற்றியது. ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார், பயம் வந்தால் மூளை என்ன செய்யும், தவறை எப்படிச் சுட்டிக்காட்டினால் மாணவர் திருந்துவார், எப்படிச் சொன்னால் சுருங்கிப் போவார் என்பதெல்லாம் அதில் வரும். முதல்முறை கற்றது மனதில் ஆழமாகப் பதியும், ஆகவே முதல்முறையே சரியாகக் கற்றுக்கொடு என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அங்கீகாரம் பெற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இந்த ஒரு தேர்விலிருந்து விலக்கு உண்டு. கரும்பலகைக்கு முன்னால் நின்ற அனுபவத்தை வானத்திலும் மதிக்கிறார்கள். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியைகள் இதைக் கேட்டுப் பெருமைப்படலாம்.

அடுத்தது கைப்பழக்கம். விமானி வழக்கமாக இடப்பக்கம் அமர்வார். பயிற்றுநர் வலப்பக்கம் அமர வேண்டும். இத்தனை ஆண்டுகள் வலக்கையால் செய்ததை இடக்கையால் செய்ய வேண்டும். ஓட்டிக்கொண்டே, செய்வது என்ன, ஏன் என்று பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். நன்றாகச் சமைக்கிறவர்கள் எல்லோராலும் மருமகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க முடிகிறதா? "கொஞ்சம் உப்புப் போடு" என்றால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா? அதுதான் இங்கேயும்.

விமானத்தில் இரண்டு பக்கமும் ஓட்டும் பிடி இருக்கும். ஆகவே, இப்போது யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வரக்கூடாது. அதற்காக மூன்று வாக்கியங்கள் வைத்திருக்கிறார்கள். கொடுப்பவர், "விமானம் உங்கள் கையில்" என்பார். வாங்குபவர், "என் கையில்" என்பார். கொடுத்தவர் பார்த்து உறுதி செய்துகொண்டு, மறுபடியும் "உங்கள் கையில்" என்பார். மூன்றும் முடியாமல் பிடி மாறாது. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று இவரும், 'இவர் பார்த்துக்கொள்வார்' என்று அவரும் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் வீட்டிலும் கடையிலும் பார்த்திருக்கிறோம். வானத்தில் அதற்கு இடம் இல்லை.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது கையை மடியில் வைத்திருப்பதுதான். மாணவர் தரையிறக்கும்போது விமானம் சற்றுக் கோணலாக வரும். உடனே பிடித்துவிட்டால் மாணவர் கற்றுக்கொள்ள மாட்டார். பிடிக்கவே இல்லை என்றால் விமானம் போகும். மாணவர் தவற எவ்வளவு இடம் கொடுக்கலாம், எந்த நொடியில் கை நீட்ட வேண்டும் என்பதை அறிந்தவரே பயிற்றுநர். அதோடு, தனியாகப் பறக்கலாம் என்றோ தேர்வுக்குப் போகலாம் என்றோ மாணவருக்கு அவர் கையெழுத்திட்டால், அந்தப் பதிவை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். இட்ட கையெழுத்துக்குப் பொறுப்பாளர் அவரே.

செக் பைலட்

இனி உம்மாவின் கேள்விக்கு நேராக வருகிறோம். ஆண்டுதோறும் தேர்வு நடத்துகிறவரைச் செக் பைலட் என்கிறார்கள். புதிய விமானங்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானி வேறு. இவர் சோதிப்பது விமானத்தை அன்று, விமானியை.

யார் வேண்டுமானாலும் செக் பைலட் ஆகிவிட முடியாது. பயிற்றுநராக இருக்க வேண்டும். செக் பைலட்டுகள் எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதற்காக நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு பயிற்சி வைத்திருக்கிறார்கள். அதை முடிக்க வேண்டும். பிறகு மேலிடம் அவரை நியமிக்க வேண்டும். "இருபது வருஷமா இருக்கேன், எனக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிற பட்டம் அன்று.

ஒரு தேர்வு நாளைக் கற்பனை செய்து பார்ப்போம். சனிக்கிழமைக் காலை. தேர்வு கொடுக்க வந்தவருக்கு 68 வயது. அந்தக் கிளையைக் கட்டி வளர்த்தவர்களில் ஒருவர். எல்லோருக்கும் பிரியமானவர். செக் பைலட்டுக்கு 40 வயது இருக்கும். இளமையில் இந்தப் பெரியவரின் பக்கத்தில் அமர்ந்துதான் முதன்முதலில் வானத்தைப் பார்த்தவர்.

முதலில் மேசையில் அமர்வார்கள். "இன்று மூன்று பேரோடு நீங்கள் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். டேங்க் முழுவதும் நிரப்பலாமா?" என்பது ஒரு கேள்வி. நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பெரியவர்களையும் முழு எரிபொருளையும் ஏற்றலாம் என்று நினைப்பது புதியவர் தவறு. செஸ்னா 172 பெரும்பாலும் அந்த எடையைத் தாங்காது. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வானிலை, விதிகள், விமானத்தின் ஆவணங்கள் என்று கேள்விகள் தொடரும்.

பிறகு பறப்பார்கள். திருப்பங்கள், வேகம் குறைந்து இறக்கை சக்தி இழக்கும் நிலையிலிருந்து மீட்பது, பலவிதத் தரையிறக்கங்கள். நடுவில் செக் பைலட் என்ஜின் விசையை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, "என்ஜின் நின்றுவிட்டது" என்பார். உடனே சரியான வேகத்துக்கு வந்து, இறங்க ஓரிடம் தேர்ந்து, காரணத்தைத் தேடிச் சரிசெய்யப் பார்த்து, அந்த இடத்தை நோக்கி விமானத்தைக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு நேரமும் செக் பைலட் சொல்லிக்கொடுக்க மாட்டார். ஆபத்து என்றால் மட்டுமே தலையிடுவார். பயிற்றுநரின் வேலை கற்றுக்கொடுப்பது. இவருடைய வேலை பார்ப்பது. சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தால், பெரியவர் தனியாக இருக்கும்போது என்ன செய்வார் என்று எப்படித் தெரியும்?

நம் பெரியவர் வயல் ஒன்றைத் தேர்ந்தார். அதன் குறுக்கே மின்கம்பிகள் போவதைக் கவனிக்கவில்லை. வேகத்தையும் மறந்தார். இரண்டாம் முறை கொடுத்தும் அப்படியே. கீழே இறங்கினார்கள். அடுத்த சனிக்கிழமை இந்தப் பெரியவர் மூன்று கேடட் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதாக இருக்கிறது. பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இப்போது அந்தச் செக் பைலட் என்ன செய்வார்?

'இல்லை' என்று சொல்வது

எங்களுக்கு இதுதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளியாகத் தெரிகிறது. சம்பளம் வாங்குகிற நிறுவனத்தில் 'இல்லை' என்று சொல்வது ஓரளவு எளிது. முதலாளி, தொழிலாளி என்ற உறவு அது. தொண்டு அமைப்பில் அப்படி இல்லை. வந்தவர் தம் நேரத்தை, தம் பணத்தை, தம் விடுமுறை நாளைத் தந்திருக்கிறார். பதிலுக்கு அவர் எதிர்பார்ப்பது நன்றியும் மரியாதையும்தான். அவரிடம் போய் "நீங்கள் தேறவில்லை" என்று எப்படிச் சொல்வது? "பாவம், மனசு நொந்துபோவார்", "இவரை விட்டால் வேறு ஆள் இல்லை", "இத்தனை வருஷமா ஒன்றும் ஆகவில்லையே" என்று எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன! கையெழுத்திட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் வருத்தம் இல்லை.

நல்ல செக் பைலட் கையெழுத்திட மாட்டார். பெரியவரை வேறொரு அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, கண்டதைக் கண்டபடி சொல்வார். "நீங்கள் நல்ல விமானி இல்லை" என்று சொல்லமாட்டார். "இன்று இரண்டு முறை வேகத்தை விட்டுவிட்டீர்கள். கம்பியைப் பார்க்கவில்லை. பயிற்றுநர் ஒருவரோடு இதை மட்டும் நான்கைந்து முறை பறந்துவிட்டு வாருங்கள். நானோ வேறொருவரோ மறுபடியும் பார்ப்போம்" என்பார். தீர்ப்பு மனிதர் மேல் இல்லை. அன்றைய ஓட்டத்தின் மேல். கதவு சாத்தப்படவில்லை, திரும்பி வரும் வழி திறந்தே இருக்கிறது. சுவரில் இருக்கும் பட்டியலில் பெயர் மட்டும் மாறும்.

இதைக் கேட்டதும் நம் மனம் செக் பைலட்டைத்தான் பாராட்டும். அவருக்குச் சமமாகப் பாராட்டப்பட வேண்டியவர் அந்தப் பெரியவர். தாம் வளர்த்த பிள்ளையின் வாயால் "இன்னும் இல்லை" என்று கேட்டு, கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காராமல், அடுத்த வாரம் வலப்பக்கத்தில் ஒரு பயிற்றுநரை வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் மாணவராக அமர்கிறாரே, அது எளிதா? அப்படிப்பட்டவர்கள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல விதிமுறை இருந்தும் பயன் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'இல்லை' என்று சொன்னவரும் தேர்வுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். செக் பைலட்டும் ஒரு விமானிதான். அவரும் தம் முறை வரும்போது இன்னொருவருக்கு முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். செக் பைலட்டுகளைச் சோதிப்பதற்கென்றே தனித் தகுதி பெற்றவர்களும் இருக்கிறார்கள். அளப்பவரும் அளக்கப்படுகிறார். அதனால்தான் அவருடைய சொல்லைப் பெரியவரால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

உம்மாவுக்குப் பதில்

ஆக, உம்மா, நீங்கள் கேட்டீர்கள்: "ஒழுங்கா ஓட்டுவாரான்னு யாரு பாத்தா?" ஒருவர் பார்த்திருக்கிறார். இந்த ஓராண்டுக்குள் பக்கத்தில் அமர்ந்து, பேசாமல் பார்த்திருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் 'இல்லை' என்று சொல்லும் உரிமையும் தைரியமும் உள்ள ஒருவர் பார்த்திருக்கிறார். அவரையும் இன்னொருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை முன் இருக்கையில் பெல்ட் போட்டு அமர்கிறது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு விமானியின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். செக் பைலட் என்று ஒருவர் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவள் நிம்மதியாகக் கீழே நின்று கையசைக்கிறாள் என்றால், அந்த நிம்மதி அவர் கையில் கொடுக்கப்பட்ட அமானிதம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சிவில் ஏர் பேட்ரோலில் சேர அமெரிக்கக் குடிமக்களாகவோ, அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது பொருந்தாது. ஆனால் நாளை நீங்கள் விமானியோ, மருத்துவரோ, மின்பணியாளரோ, ஓட்டுநரோ ஆவீர்கள், இன்ஷா அல்லாஹ். ஒரு நாள் உங்களை ஒருவர் சோதிப்பார். மறுநாள் நீங்கள் ஒருவரைச் சோதிப்பீர்கள். இரண்டு நாளிலும் அந்தச் சனிக்கிழமைக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் "இன்னும் இல்லை" என்று சொல்கிறவர் உங்கள் பகைவர் அல்லர். நீங்கள் கையெழுத்திடும் தாளுக்குக் கீழே, உங்களுக்குத் தெரியாத ஒரு தாய் நின்றுகொண்டிருக்கிறாள்.

கேள்வி கேட்ட உம்மாவுக்கு எங்கள் நன்றி. கேட்காமல் இருந்திருந்தால் நாங்களும் தேடியிருக்க மாட்டோம்.